ஆடு துப்பின விதை

ஆட்டுப் புழுக்கையைத் தேடிக்கொண்டு சர்க்கார் ஜீப் வரும் என்று கொல்லந்தாங்கல் காலனியில் யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால், சொன்னவனுக்கு வேப்பிலை அடித்திருப்பார்கள். ஆனால் வந்தது. பெருநகர் ரோட்டை விட்டு இறங்கி, ஏரிக்கரையோரமாகப் புழுதி கிளப்பிக்கொண்டு, நேராகக் காலனிக்குள்ளேயே வந்து நின்றது. சாராய ரெய்டு என்று நினைத்து ஆண்பிள்ளைகள் நாலைந்து பேர் கொல்லைப் பக்கமாக நழுவிவிட்டார்கள்.

சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. சிட்டம்மாள் ஆட்டுப் பட்டியைக் கூட்டிக்கொண்டிருந்தாள். ஜீப்பிலிருந்து இறங்கிய ஆபீசர், செருப்போடு பட்டிக்குள் வந்து, குனிந்து, தரையிலிருந்து எதையோ பொறுக்கி உள்ளங்கையில் வைத்து ஊதிப் பார்த்தார். ஊதினதும் கறுப்பாக, பளபளப்பாக ஒரு கருவேலம் விதை தெரிந்தது.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிட வேண்டும். கருவேலங்காய் என்றால் ஆட்டுக்கு உயிர். ஏரிக்கரை மரங்களில் பங்குனியில் காய் பழுத்து உதிர ஆரம்பித்தால் ஆடு புல்லைத் திரும்பிக்கூடப் பார்க்காது. பகலெல்லாம் காயைத் தின்றுவிட்டு, பட்டியில் படுத்து அசை போடும்போது விதையை மட்டும் துப்பிவிடும். சிலது வயிற்றுக்குள் போய்ப் புழுக்கையோடு வரும். மரத்திலிருந்து பறித்த விதையை மண்ணில் போட்டால் லேசில் முளைக்காது. அத்தனை கெட்டித் தோல். ஆடு மென்று துப்பின விதை தண்ணீர் பட்டதும் முளை விட்டுவிடும். இது ஆடு வைத்திருக்கிறவர்களுக்கும் தெரியும், காடு வளர்க்கிற ஆபீசுக்கும் தெரியும்.

ஆபீசர் பெயர் கிருஷ்ணசாமி. ஏரி உள்வாய், அதாவது கரைக்கு உள்ளே தண்ணீர் தேங்குகிற படுகை, முழுக்கக் கருவேலம் போடப் போகிறார்களாம், அதற்குப் பட்டி விதை வேண்டுமாம், படிக் கணக்கில் அளந்து வாங்கிக்கொள்வாராம். "நீங்கதாம்மா எங்களுக்கு ஒத்தாசை பண்ணணும்" என்றார் சிட்டம்மாளைப் பார்த்து.

சிட்டம்மாளுக்கு ஒன்றும் ஓடவில்லை. நீங்க என்கிறார், அம்மா என்கிறார். பிறந்ததிலிருந்து ஊர்ப் பக்கத்து ஆட்கள் யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வாரித் தர்றேன் சார்" என்றாள். பாவி மகள், அந்த ஒரு வார்த்தைக்கு அப்போதே விழுந்துவிட்டாள்.

அவள் விழுந்ததற்குக் காரணம் உண்டு. அவள் புருஷன் முனிரத்தினம், கல்யாணத்துக்கு முன்பிருந்தே பெரிய வீட்டு வேதாசலத்திடம் பண்ணையாள். அவன் ஏர் ஓட்ட, இவள் மாட்டுக் கொட்டகையைக் கூட்ட. கோழி கூவுவதற்கு முன்னால் போய்ச் சாணி வாரி, கூடை தூக்கி, எருக்குழியில் கொட்டி, வாசலில் நின்று "ஆண்டே" என்று குரல் கொடுத்தால், உள்ளேயிருந்து பழைய கூழ் வரும். வேதாசலம் கெட்டவர் இல்லை. கை நீட்டி அடித்ததில்லை. ஆனால் அந்த "ஆண்டே" இருக்கிறதே, அது அவள் தொண்டையில் முள்ளாகவே இருந்தது. பெருநகரில் ஒருத்தரிடம் ஒரு பெட்டை ஆட்டை வாரத்துக்குப் பிடித்து வந்தாள். வளர்க்கிறவருக்கு ஒரு குட்டி, ஆட்டுக்காரருக்கு ஒரு குட்டி என்பது வாரம். அப்படிக் குட்டி குட்டியாகச் சேர்த்துத்தான் இந்தப் பட்டி. பட்டி ஒரு அளவுக்கு வந்ததும் புருஷனைப் பண்ணையிலிருந்து கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அப்புறம் அவர்கள் கூலிக்குப் போனாலும் கூப்பிட்டவர் நிலத்துக்குப் போனார்கள், பொழுது சாய்ந்தால் வீட்டுக்கு வந்தார்கள். ஆண்டே என்று கூப்பிடுகிற அவசியம் போய்விட்டது. அந்த ஆடுகள்தான் அவளுக்கு எல்லாம்.

விதை வாங்குவதற்கு முன்னால் மதகுக்குப் பக்கத்தில் கூட்டம் போட்டார்கள். ஊர்க்காரர்கள் புளியமரத்து நிழலில், காலனிக்காரர்கள் எதிர்ப்பக்க வெயிலில். கிருஷ்ணசாமி நன்றாகத்தான் பேசினார். மரம் வந்தால் மழை வரும், மண் அரிக்காது, விழுகிற சுள்ளியெல்லாம் ஏழைகளுக்கு, மரம் வெட்டும்போது பாதிப் பங்கு பஞ்சாயத்துக்கு. அதை வைத்து ஏரியைத் தூர் வாரிக்கொள்ளலாம். செடி தலைக்கு மேலே வளருகிற வரை, ஒரு மூன்று வருஷம் மட்டும், ஆடு மாடு உள்வாய்க்குள் இறங்கக் கூடாது. "அப்புறம் உங்க ஏரி, உங்க ஆடு" என்றார்.

ஊர் சிரித்தது. சிரிக்காமல் என்ன செய்யும்? பள்ளிக்கூடத்து வாசலில் வருஷா வருஷம் ஒரே குழியில் மரம் நட்டு, ஒரே இடத்தில் நின்று போட்டோ பிடித்துக்கொண்டு போவதை எல்லாரும் பார்த்தவர்கள்தான். மதகைத் திறந்து மூடுகிற நீர்க்கட்டி சடையப்பன் எழுந்து நின்றான். அவன் வாய் திறந்தால் ஊர் காது கொடுக்கும்.

"தண்ணி நிக்கிற எடத்துல மரத்த வெச்சா, தண்ணி எங்க சார் போயி நிக்கும்? எங்க வூட்லயா?" என்றான். "மொதல்ல தூர் வாருங்க. அத்த வுட்டுட்டு மரம் வெட்டுனா தூர் வாரலாம்றீங்க. மரம் வெச்சா இன்னும் இல்ல தூர்ந்து பூடும்? போன தபா ஒருத்தர் வந்தாரு, புகையே வராத அடுப்புன்னு வூட்டுக்கு வூடு கட்டிக் குடுத்தாரு. எங்க வூட்ல இப்ப அதுல கோயி அட காத்துகினு கீது."

கூட்டம் கொல்லென்றது. கிருஷ்ணசாமியும் சிரித்துவிட்டார். சிரித்தாரே தவிர, கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. அதையும் ஊர் கவனித்துக்கொண்டது.

அன்றைக்குக் கூழும் சுட்ட கருவாடும் வைத்துக்கொண்டு முனிரத்தினம் பெண்டாட்டியிடம் சொல்லிப் பார்த்தான். அவன் அதிகம் பேசாத ஆள். பண்ணையில் இருந்தபோது பேச்சு தேவைப்படவில்லை. அந்தப் பழக்கம் அப்படியே நிலைத்துவிட்டது.

"ஏமே, ஜீப்புல வந்தவன் சொல்றத நம்பற. மதகண்ட நிக்கிறவன் சொல்றத நம்ப மாட்டேன்ற."

"அந்தாளு என்ன நீங்க, அம்மான்னு கூப்ட்டாருய்யா. இத்தினி வருஷத்துல நம்மள யாரு அப்டி கூப்ட்டாங்க?"

"கூப்ட்டா? கூப்ட்டதுக்கோசரம் ஏரிய தூக்கிக் குடுத்துட்றதா?"

"மூணு வருஷந்தானே. கண்ண மூடித் தொறந்தா பூடும்."

சொன்னதோடு நின்றாளா? இல்லை. காலனி முழுக்கச் சுற்றி, பக்கத்து வீட்டு எல்லம்மாள் பட்டி, இன்னும் யார் யார் பட்டியோ எல்லாவற்றையும் கூட்ட வைத்து, முறத்தில் புடைத்து, கோணியில் கட்டித் தந்தாள். எல்லம்மாள் தயங்கி இழுத்தபோது, நம்ம ஆடு துப்பினது நம்ம ஏரியில மரமாகட்டுமே, நாளைக்கு அதே காயை நம்ம ஆடுதானே தின்னப் போகுது என்று சொல்லிச் சம்மதிக்க வைத்ததும் அவள்தான். அது பின்னால் எத்தனை தடவை அவள் முகத்தில் வந்து விழுந்தது என்று கணக்கில்லை.

உள்வாய் முழுக்க மண்மேடு போட்டு, மேட்டுக்கு ஒரு பிடி விதை போட்டார்கள். அந்தக் கூலி வேலைக்கும் காலனிதான் போனது. முளைத்தது பாருங்கள், அப்படி ஒரு முளைப்பு! ஆடு மென்ற விதையாயிற்றே. ஐப்பசி மழையில் ஏரி நிறைந்து, செடிகள் கழுத்தளவு தண்ணீரில் நின்றும் சாகவில்லை. காவலுக்குக் காலனிப் பையன் கோபாலையே போட்டார்கள். காக்கிச் சட்டை ஒன்றும் விசில் ஒன்றும் கொடுத்தார்கள். அவனுக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது, வேலை நிரந்தரமாகும் என்று அவனிடமும் சொல்லியிருந்தார்கள்.

ஆட்டை எங்கே மேய்ப்பது? ஏரி உள்வாய்தான் காலனிக்கு இருந்த ஒரே புல். வயல் வரப்பில் விட்டால் வரப்புக்காரன் கல்லெடுப்பான். சிட்டம்மாள் ரோட்டோரமாகவே ஓட்டிக்கொண்டு போவாள். லாரி ஹாரன் அடித்தால் ஆடுகள் சிதறும், இவள் ஐயோ ஐயோ என்று குறுக்கே ஓடுவாள். முனிரத்தினம் தொரட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வேலங்கொத்தும் ஆலந்தழையும் தேடி மானாம்பதி வரைக்கும் போய்வந்தான். மானாம்பதியில்தான் அவள் தங்கை மார்த்தாள் இருந்தாள். வேதக்காரர் வீட்டில் வாக்கப்பட்டுப் பெயர் மாற்றிக்கொண்டவள். அக்காவிடம் வாங்கிப் போன ஒரு குட்டியில் ஆரம்பித்து அவளும் ஒரு பட்டி சேர்த்திருந்தாள். அந்த ஊர் ஏரியில் மரம் இல்லை. மார்த்தாளின் ஆடுகள் கொழுகொழுவென்று உள்வாயில் மேய்வதை முனிரத்தினம் பார்த்துவிட்டு வந்து சொல்ல மாட்டான். சொன்னால் இவள் அழுவாள்.

வயலுக்கும் நல்லது நடக்கவில்லை. மேடும் மரமுமாக ஏரியில் தண்ணீர் பிடிக்கிற இடம் குறைந்து, சம்பா பால் பிடிக்கிற நேரத்தில் மதகு வறண்டது. வேதாசலத்துக்குக் கிணறும் பம்புசெட்டும் இருந்ததால் தப்பித்தார். மற்றவர்கள் வைக்கோல் அறுத்தார்கள். நான் அப்பவே சொன்னேன் என்று சடையப்பன் ஒருவரிடமும் சொல்லவில்லை. மதகின் மேல் உட்கார்ந்து வெறுமனே பீடி பிடித்தான். அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை. சுள்ளி பொறுக்கப் போன பெண்களைக் கோபால் விசில் ஊதி விரட்டினான். ஏழைகளுக்குத்தானே சுள்ளி என்று கேட்டதற்கு, அதற்கு இன்னும் உத்தரவு வரவில்லை என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னான்.

இருந்தாலும் சிட்டம்மாள் மூன்று வருஷத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எல்லம்மாள் வெறுத்துப்போய் ஆடுகளை வந்த விலைக்கு விற்றுவிட்டுச் செங்கல் சூளைக்குப் போனபோதும், போகிற போக்கில், "உன் பேச்ச கேட்டு வாரிக் குடுத்தேனே, என் வாயில நானே மண்ணு போட்டுக்கினேன்" என்று சொல்லிவிட்டுப் போனபோதும், இவள் விடவில்லை. செடிகள் ஆள் உயரம் தாண்டின. அடுத்து வந்த கோடையில் முதல்முறையாகக் காய்த்தன.

மூன்று வருஷம் முடிந்து சித்திரை வந்தது. ஆபீசர் கூட்டம் போட்டதும் சித்திரைதானே. சிட்டம்மாள் புருஷனைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி உத்திரமேரூர் போனாள். கிருஷ்ணசாமி மாற்றலாகி எங்கேயோ போய்விட்டார். அவர் நாற்காலியில் வேறொருவர் இருந்தார். மனுஷர் விரட்டவில்லை. பானைத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார், பெஞ்சில் உட்காரச் சொன்னார். இவர்கள் உட்காரவில்லை.

"மூணு வருஷம்னு யாரும்மா சொன்னது?"

"கிஷ்ணசாமி சார் சொன்னாரு சார்."

"எழுத்துல குடுத்தாரா?"

"வாயால சொன்னாரு சார். மதகண்ட நின்னுகினு, ஊரே கேக்க சொன்னாரு."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். மரம் வெட்டுகிற வரைக்கும் யாரும் உள்ளே போகக் கூடாது என்றுதான் மேலிருந்து வந்திருக்கிறதாம். வெட்ட இன்னும் ஏழெட்டு வருஷம் ஆகலாமாம். அதற்குள் இன்னொரு திட்டம் வரப்போகிறது, ஆடு வைத்திருப்பவர்களுக்குப் புல் வளர்த்துத் தருகிற திட்டம், அதில் உங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்கிறேன் என்றார். முனிரத்தினம் அப்போதுதான் வாயைத் திறந்தான்.

"புல்லு வர்ற வரிக்கும் ஆட்ட இன்னா சார் பண்றது? அதுங்களுக்கு சொல்லி வெக்கிறதா?"

கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டான். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

அந்த வருஷம் கோடை மழையும் ஏமாற்றிவிட்டது. ரோட்டோரப் புல் சருகாகி, ஆடுகளின் விலா எலும்பை எண்ணிவிடலாம் போல ஆனது. பட்டியிலிருந்து பார்த்தால் ஏரி தெரியும். காற்று அந்தப் பக்கமிருந்து வீசினால் பழுத்த காய் வாசனை வரும். ஆடுகள் மூக்கைத் தூக்கிக்கொண்டு கத்தும். தான் துப்பின விதை மரமாகிக் காய்த்து நிற்கிறது, தின்னக் கூடாது என்றால் ஆட்டுக்கு எப்படிப் புரியும்? சிட்டம்மாளுக்கே புரியவில்லை.

ஒரு காலையில், வெயில் ஏறுவதற்குள், பட்டிப் படலைத் திறந்து நேராகக் கரைக்கு ஓட்டினாள். கரை மேல் நின்று யாரையும் தேடவில்லை, திருட்டுத்தனமாகவும் இறங்கவில்லை. ஆடுகள் உள்வாயில் பாய்ந்து காய்களை நறுக் நறுக்கென்று கடிக்கிற சத்தம் கேட்டு, எத்தனையோ நாளைக்குப் பிறகு அவளுக்கு வயிறு குளிர்ந்தது. மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள்.

கோபால் விசில் ஊதவில்லை. பக்கத்தில் வந்து நின்றான்.

"சின்னம்மா, ஓட்டிகினு பூடு. தோ, ஆபீஸ் ஆளுங்க பஸ்ஸு எறங்கி வந்துகினு கீறாங்க."

"வர்ட்டுமே. மூணு வருஷம் ஆச்சுன்னு சொல்றேன்."

"அவங்களுக்கு அதெல்லாம் தெரியாது சின்னம்மா. என் வேல பூடும்."

"உன் வேல போவக் கூடாதுடா. நீ புடி. உன் கையால புடிச்சிகினு போ."

அவன் பிடித்துக்கொண்டுதான் போனான். கண்ணைத் துடைத்துக்கொண்டே, காக்கிச் சட்டையோடு, அவள் ஆடுகளை முன்னால் விட்டு ஓட்டிக்கொண்டு போனான். பஞ்சாயத்து ஆபீசுக்குப் பின்னால் அத்துமீறி மேய்கிற ஆடுமாடுகளை அடைக்கிற பவுண்டு இருந்தது. அதில் அடைத்தார்கள். தலைக்கு இவ்வளவு என்று அபராதம் கட்டினால் விடுவார்கள், கட்டாவிட்டால் ஏலம்.

முனிரத்தினம் வேதாசலத்திடம் போய் நின்றான். அவர் யோசித்துவிட்டு, அபராதத்தை நான் கட்டுகிறேன், ஆட்டை ஓட்டிக்கொண்டு போ, ஆனால் நீயும் உன் பெண்டாட்டியும் பழையபடி பண்ணைக்கு வந்துவிடுங்கள், எனக்கும் ஆள் இல்லை என்றார். அதில் வஞ்சம் ஒன்றும் இல்லை. அவருக்கு ஆள் வேண்டியிருந்தது. இவன் வந்து சொன்னதும் சிட்டம்மாள் வேண்டாம் என்றாள். அந்த வாசலில் நிற்கக் கூடாது என்றுதானே ஆடு. அந்த வாசலில் நின்று மீட்கிற ஆடு எதற்கு என்றாள். வேறு யாரிடமாவது புரட்டலாம் என்று இரண்டு பேரும் அலைந்தார்கள். தண்ணீர் இல்லாத வருஷத்தில் யாரிடம் என்ன இருக்கும்? ஆளாளுக்கு உச்சுக் கொட்டினார்கள்.

ஏலத்தன்று காலையில் சிட்டம்மாள் பவுண்டு சுவரண்டை போய் எட்டிப் பார்த்தாள். ஆடுகள் அவளைக் கண்டு கத்திக்கொண்டு ஓடிவந்தன. அவை படுத்திருந்த தரை முழுக்கக் கருவேலம் விதை. அன்றைக்கு ஏரியில் தின்றதை அசை போட்டுத் துப்பியிருந்தன. கறுப்பாக, பளபளப்பாக, வாரிக் கொடுத்தால் இன்னொரு ஏரிக்குப் போதும். தோட்டி துடைப்பத்தோடு வந்து நின்றான். அவள் அங்கேயே சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். ஆடுகளை உத்திரமேரூர்க் கறிக்கடைக்காரர் எடுத்தார்.

அப்புறம் சொல்வதற்கு என்ன இருக்கிறது? கொஞ்ச நாள் சூளைக்குப் போனார்கள். முனிரத்தினத்துக்கு நெஞ்சில் புகை சேர்ந்து இருமல் பிடித்துக்கொண்டது. ஆடிக்குள் இரண்டு பேரும் பெரிய வீட்டுக்கு வந்துவிட்டார்கள். முதல் நாள் வாசலில் சிட்டம்மாள் குரல் கொடுக்காமல் வெகுநேரம் நின்றாள். உள்ளேயிருந்து யாரும் எட்டிப் பார்க்கவில்லை. கூழ் வேண்டுமே. "ஆண்டே" என்றாள். வார்த்தை பழகின தடத்தில் சுளுவாக வந்துவிட்டது. அதுதான் அவளுக்கு வலித்தது.

அடுத்த சித்திரையில் ஜீப் வந்தது. இந்தத் தடவை பெரிய வீட்டு வாசலுக்கே வந்தது. கிருஷ்ணசாமி இறங்கினார். பதவி உயர்ந்து திரும்ப இந்தப் பக்கத்துக்கே வந்திருந்தார். தலை கொஞ்சம் நரைத்திருந்தது. சாணிக் கூடையோடு போய்க்கொண்டிருந்த சிட்டம்மாளை அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தால் நடிப்பு என்று சொல்ல முடியாது.

"நல்லா இருக்கீங்களாம்மா? உங்களைத் தேடிக் காலனிக்குப் போனேன், இங்கே இருக்கீங்கன்னாங்க. உங்க விதை போட்ட ஏரிதான் இந்தப் பக்கத்துலயே நல்லா வந்திருக்கு. எல்லாக் கூட்டத்துலயும் அதைத்தான் சொல்றேன்." பக்கத்தில் நின்ற வேதாசலத்துக்கு வணக்கம் சொல்லிவிட்டுத் தொடர்ந்தார். "இந்த வருஷம் மானாம்பதி ஏரியில போடறோம். பட்டி விதை வேணும்."

"ஆடு இல்ல சார்."

"ஏம்மா? வித்துட்டீங்களா? ஏன் வித்தீங்க?"

சிட்டம்மாள் அவரையே பார்த்தாள். இந்த மனுஷருக்குத் தெரியவே தெரியாதா? தெரியவில்லை. அவர் கேட்டது அப்படியே நிஜமான கேள்வி. எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. "மூணு வருஷம்னு சொன்னீங்களே சார்" என்று மட்டும் சொன்னாள்.

அவர் முகம் மெல்ல மாறியது. செருப்பைப் பார்த்தார். "அப்ப எனக்கு அப்படித்தாம்மா சொல்லியிருந்தாங்க" என்றார். பொய் இல்லை. அதனால் யாருக்கு என்ன ஆனது?

பிறகு, வேறு யாரிடமாவது பட்டி இருக்கிறதா என்று கேட்டார். சிட்டம்மாள் சட்டென்று, யாரிடமும் இல்லை, எல்லாரும் விற்றுவிட்டார்கள் என்றாள்.

"ஏன், உன் தங்கச்சி வச்சிருக்காளே" என்றார் வேதாசலம். உதவி செய்கிற குரலில்தான் சொன்னார். "மானாம்பதியிலயே, சார். மார்த்தாள்னு. சர்ச்சுக்குப் பின்னால, யாரைக் கேட்டாலும் காட்டுவாங்க."

கிருஷ்ணசாமிக்குச் சந்தோஷம். அந்த ஊரிலேயே விதை கிடைத்தால் ரொம்ப நல்லது என்றார். டிரைவர் ஏறி உட்கார்ந்துவிட்டான். மானாம்பதி பஸ் இனிமேல் சாயங்காலம்தான். அவள் தங்கையிடம் போய்ச் சொல்வதற்கு வெகு முன்னால், ஜீப் அரை மணியில் போய்விடும்.

சிட்டம்மாள் கூடையைக் கீழே வைத்தாள். சாணிக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஜீப்பின் பக்கத்தில் போய் நின்றாள்.

"சார். நீங்க போயி வெதைய வாங்கிக்குங்க. மூணு வருஷம்னு மட்டும் அவகிட்ட சொல்லாதீங்க சார்."

"ஏம்மா?"

"அம்மான்னு கூப்ட்டு சொல்வீங்க. அவ நம்பிடுவா."

கிருஷ்ணசாமி ஏதோ சொல்ல வந்தார். டிரைவர் வண்டியைக் கிளப்பினான். புழுதி அடங்குகிற வரை அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வேதாசலம் கூப்பிட்டார், கூடையை எடுத்துக்கொண்டு போனாள்.